"ஏன் பிந்திக் கொண்டு வந்தீங்க?": இந்தக் கேள்வி யாருக்கு உரியது?



ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகள் வார்ட்டுக்குப் போகும் தோட்டத்துத் தாய்மாரிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான்: "ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்து இப்பக் கொண்டு வந்தீங்க?" தலை பெருத்த பிள்ளையானாலும், முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளையானாலும், கால் அசையாத பிள்ளையானாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்கிறவர் எப்போதும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு பதிலும் ஒளிந்திருக்கிறது. தோட்டத்துச் சனம் படிக்காத சனம், கோயிலில் நூல் கட்டிவிட்டு, மந்திரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் டொக்டரிடம் வரும் என்கிற பதில்.

அந்தப் பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். நூல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்தான், கொழும்பிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பிந்திப் போவதற்குக் காரணம் நூல் அல்ல. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றி. எல்லோருடைய மூளைக்குள்ளும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஓடிப் பின் இரத்தத்தில் கலந்துவிடும். ஓடும் வழியில் அடைப்பு வந்தால் நீர் தேங்கும். கைக்குழந்தையின் மண்டையோடு இன்னும் பொருந்தாமல் இருப்பதால் தலை பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அடைப்பு இருக்கும். சிலருக்கு மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வரும். மாதம் நிறையாமல் பிறந்த சில பிள்ளைகளுக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்து அதனால் வரும். இன்னொரு நோய் முள்ளந்தண்டுப் பிளவு. கருவில் முள்ளந்தண்டு முழுதாக மூடாமல், முதுகில் திறந்த புண் போலவோ நீர்க்கட்டி போலவோ நரம்புகள் வெளியே தெரியப் பிள்ளை பிறக்கும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தலையிலும் நீர் தேங்கும்.

இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது, நம் நாட்டிலேயே இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே இருக்கிறது. திறந்த முதுகை, கிருமி போகுமுன், பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மூட வேண்டும். தலை நீருக்கு ஷண்ட் என்கிற மெல்லிய குழாயை வைப்பார்கள். அது தோலுக்கு அடியில் தலையில் இருந்து கழுத்து, நெஞ்சு வழியாக இறங்கி வயிற்றுக்குள் நீரைக் கொண்டு போய்விடும். நேரத்தோடு செய்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், படிக்கலாம். நேரம் தப்பினால் உயிர் தப்பினாலும் கண் பார்வை போகலாம், புத்தி மந்தமாகலாம், கால் விளங்காமல் போகலாம். ஆகவே இந்த நோயில் நாள் கணக்குத்தான் எல்லாம்.

அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று பார்ப்போம். எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயரையும் தோட்டத்தையும் எழுதவில்லை. நாளைக் காலையில் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டியவர் அவர்.

பிள்ளைக்கு இரண்டு மாதமாக இருக்கும்போதே பாட்டி சொல்லியிருக்கிறார், "தலை கொஞ்சம் கனமாத்தான் தெரியுது." தாய் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனார். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "சில பிள்ளைக்கு இப்படித்தான், வளர வளரச் சரியாப் போகும்" என்று அனுப்பிவிட்டார். அளந்து பார்க்கவில்லை. அளப்பதற்கு அங்கே நாடா இல்லை! தையற்காரரிடம் இருக்கிற, சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய நாடா. பிறக்கும்போது பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீற்றர். முதல் மூன்று மாதத்தில் மாதத்துக்கு இரண்டு சென்டிமீற்றர் அளவில் கூடும். ஒரு வயதாகும்போது 46, 47 அளவில் இருக்கும். இரண்டு தடவை அளந்து எழுதிப் பார்த்திருந்தாலே, இந்தத் தலை ஓடுகிற ஓட்டம் வேறு என்று தெரிந்திருக்கும். படித்த டொக்டர் தேவையில்லை, பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயம்மாவே கண்டுபிடித்திருப்பார்.

மூன்று வாரம் கழித்துப் பிள்ளை பாலைக் கக்கத் தொடங்கியது. கண் இரண்டும் கீழ்நோக்கி இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. அன்று சனிக்கிழமை, டிஸ்பென்சரி பூட்டு. தோட்டத்து வாகனம் கேட்டார்கள், துரை பங்களாவில் இல்லை, அவர் சொல்லாமல் வாகனம் வெளியே போகாது. கடைசியில் ஆட்டோ பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரி. குழாய் வைத்தாயிற்று, பிள்ளை உயிரோடு இருக்கிறாள். பார்வை சரியில்லை.

இதில் பிந்தியது யார்? பாட்டியா, தாயா?

இனிச் சம்பளக் கணக்கு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கையே வைப்போம். தாய் வார்ட்டில் 19 நாள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 16 பேர் போயிற்று, 21,600 ரூபா. தகப்பன் ஓடித்திரிந்த ஐந்து நாளுக்கு 6,750. இரண்டும் சேர்த்து 28,350 ரூபா. அந்த நாட்களுக்குக் கம்பனி கட்டியிருக்க வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் இல்லை. இதற்கு மேலே ஆட்டோக் கூலி, பஸ் காசு, தகப்பனின் கடைச் சாப்பாடு, பிள்ளைக்கு நப்பி. காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இலவசச் சிகிச்சை என்று சொல்கிறோமே, அதற்குத் தோட்டத்தில் கொடுக்கும் விலை இதுதான்.

நகரத்தில் கடையிலோ கந்தோரிலோ வேலை செய்கிறவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருசத்தில் ஏழு நாள் சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் சம்பளத்தோடு லீவு இருக்கிறது. மலையில் கொழுந்து எடுக்கிற தாய்க்கு அது பொருந்தாது. அவள் பிள்ளையின் தலைக்கு ஒப்பரேசன் நடக்கும் நாளிலும் செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே வெறும் கட்டம்தான். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். அந்த 730 ரூபாவில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு, நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வராதவருக்கு அது கிடையாது. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்த தாய் நாட்சம்பளத்தையும் இழந்து, வந்த நாட்களுக்கான 60 ரூபாவையும் இழந்தாள். அந்தக் கொடுப்பனவு பின்னர் போய்விட்டது. வராதவரைத் தண்டிக்கும் அந்தப் புத்தி போகவில்லை. சம்பள உயர்வு பேசும் ஒவ்வொரு மேசையிலும் அது வேறு வேறு பெயரில் வந்து உட்காருகிறது.

கம்பனிக்காரரிடம் இதைப் பேசினால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு." அரசாங்க அதிகாரியிடம் போனால், "தோட்டம் கம்பனியின் பொறுப்பில் உள்ள இடம், நாங்கள் எப்படித் தலையிடுவது?" என்பார். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் 1912ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தொழிலாளியின் மருத்துவத் தேவையைத் தோட்டத்தின் தலையில் வைத்தார்கள். அவன் எங்கள் மேல் உள்ள பாசத்தில் அதைச் செய்யவில்லை, கூலிப்படை செத்தால் தேயிலை பறிக்க ஆள் இல்லை என்ற பயத்தில் செய்தான். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் கம்பனிகளின் கையில் கொடுத்தது. தொண்ணூறுகளில் இருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று சொல்லிச் சிலவற்றை எடுத்தார்கள், மிச்சம் அப்படியே கிடக்கிறது. முப்பது வருசமாக ஒரு வேலையை அரைகுறையாகச் செய்து வைத்துவிட்டு, பிந்தி வந்தது தாயின் குற்றம் என்றால் எப்படி?

தோட்டத்துக்கு ஒரு மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சத்திரசிகிச்சை கொழும்பு, கண்டி போன்ற பெரிய இடங்களில்தான் நடக்க முடியும். அதற்கான ஆட்களும் கருவிகளும் அங்கேதான் கூடியிருக்கும். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 2017இல் திறந்த ஆஸ்பத்திரி போல மலையகத்தில் கட்டடங்கள் வருவதை வரவேற்கிறோம். ஆனால் லயத்து வாசலில் இருந்து அந்த ஒப்பரேசன் மேசை வரைக்கும் உள்ள பாதையில் யாராவது ஒருவர் பொறுப்பாக நிற்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பாதையில் நிற்பது தாய் மட்டும்தான்.

"நாடு கஷ்டத்தில் இருக்கிறது, இதெல்லாம் பணக்கார நாட்டுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு உகண்டாவைக் காட்டுகிறோம். எங்களை விட வசதி குறைந்த நாடு. அதன் கிழக்கே ம்பாலே என்ற ஊரில் 2001இல் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரி தொடங்கியது. அங்கே வேலை செய்த பெஞ்சமின் வார்ஃப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு காரியம் செய்தார். இந்தியாவில் செய்த, சுமார் 35 டொலர் விலையுள்ள ஷண்ட் குழாயையும், 650 டொலர் குழாயையும் பிள்ளைகளுக்கு வைத்து ஒப்பிட்டார். ஒரு வருசத்துக்குப் பிறகு பார்த்தபோது பலனில் வேறுபாடு இல்லை என்று 2005இல் எழுதினார். மற்றது இன்னும் முக்கியம். குழாய் நிரந்தரம் அல்ல. முதல் இரண்டு வருசத்துக்குள்ளேயே பத்துப் பிள்ளைகளில் நான்கு பேர் அளவில் குழாய் பழுதாகும், அடைபடும், அல்லது கிருமி போகும். அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிர் போய்விடும். உகண்டாவின் தூரக் கிராமத்துப் பிள்ளை எப்படி உடனே வரும்? ஆகவே வார்ஃப், மூளையின் நீரறைக்குள் சிறு கமராக் கருவியைச் செலுத்தி நீருக்கு வேறு வழி திறந்துவிட்டு, நீர் சுரக்கும் இழையத்தையும் சுட்டுக் குறைக்கிற முறையைப் பல பிள்ளைகளுக்குச் செய்தார். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது, யாருக்கு எது என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்ல வருவது வேறு. அங்கே பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதும் சிகிச்சையைத் தீர்மானிக்கிற கணக்கில் சேர்ந்தது. இங்கே எங்கள் தூரத்தை எவர் கணக்கில் சேர்த்தார்? ஹட்டனில் இருந்து கண்டிக்குப் பஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். ஹட்டனுக்கு வருவதற்கு மேற்பிரிவில் இருந்து எத்தனை மணித்தியாலம் என்பதை மழை தீர்மானிக்கும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, நல்ல சேவைதான். பல தோட்டங்களில் அது மெயின் ரோட்டில் நிற்கும். அங்கு வரை பிள்ளையைத் தூக்கி வருவது நாங்கள்.

பாஷை இன்னொரு மதில். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாயிற்று. வார்ட்டில் தாய்க்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில், கையில் கொடுக்கப்படும் கிளினிக் அட்டையில் எழுதியிருப்பது ஆங்கிலத்தில். பிள்ளையின் மண்டையைத் திறக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கிறவளுக்கு, எதற்குச் சம்மதித்தோம் என்று தெரிய வேண்டாமா? பக்கத்துக் கட்டில் தாய் மொழிபெயர்த்துச் சொல்லித்தான் தெரிகிறது. அந்தப் பக்கத்துக் கட்டில் தாய் இல்லாத நாளில் என்ன செய்வது?

முதுகு மூடிய பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர் தானாகச் சரியாகப் போகாது. ஒரு நாளில் பல தடவை சுத்தமான சிறு குழாய் போட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். சத்திரசிகிச்சையில் தப்பிய பிள்ளை சில வருசம் கழித்துச் சிறுநீரகத்தால் போவது இப்படித்தான். இதைச் செய்யக் கை கழுவத் தண்ணீர் வேண்டும், மறைவான இடம் வேண்டும், குழாய் வேண்டும். பத்தடிக் காம்பராவில் ஆறு பேர், பீலித் தண்ணீர், பல குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். சக்கர நாற்காலி கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், அந்த நாற்காலி லயத்துப் படியில் எப்படி இறங்கும் என்று ஒரு தடவை தள்ளிப் பார்க்கட்டும்.

தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுவதும் இதே கதைதான். முள்ளந்தண்டுப் பிளவில் பெரும் பங்கைப் போலிக் அசிட் குளிசையால் தடுக்கலாம். 1991இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மறுபடி வருவதைப் பத்தில் ஏழு அளவில் தடுக்கலாம் என்று காட்டியது. ஆனால் கரு உண்டாகி 28 நாளுக்குள் முள்ளந்தண்டு மூடிவிடும். அந்த நேரத்தில் குளிக்காமல் இருப்பதையே பெண் கவனித்திருக்க மாட்டாள். கர்ப்பக் கிளினிக்குக்குப் போய்க் குளிசை வாங்கும்போது காரியம் முடிந்துவிட்டது. ஆகவே கல்யாணம் முடித்தவுடனேயே குடும்ப நல உத்தியோகத்தரிடம் பதிந்து குளிசை வாங்க வேண்டும், அது அரசாங்கத் திட்டத்திலேயே இருக்கிறது. அந்த உத்தியோகத்தர் தூரத்துப் பிரிவுக்கு வரும் நாளில் எங்கள் பெண்கள் மலையில் நிற்கிறார்கள். மலையில் இருந்து இறங்கினால் அரைப்பேர். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கூடிய அளவு மருந்து வேண்டும், டொக்டரிடம் கேட்க வேண்டும். வலிப்புக்கு மருந்து குடிக்கும் பெண்களும், மருந்தை நிறுத்தாமல், பிள்ளைக்கு முன்பே டொக்டரிடம் பேச வேண்டும், சில வலிப்பு மருந்துகள் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும். மற்றபடி கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது, மாமியார் சாபத்தால் வந்தது என்று பெற்றவளைக் குத்திக் காட்டுகிறவர்களுக்கு: வாயை மூடுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய விசயங்கள் அல்ல. ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு தங்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ, வார்ட் துண்டைக் காட்டினால் முழுப்பேர் போட வேண்டும், கிளினிக் நாளுக்கும் அப்படியே. இது அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும், "பிறகு பார்ப்போம்" பட்டியலில் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் ஒரு நாடா, மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தில் எழுதும் ஒரு கை. இரவோ ஞாயிறோ, துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயாளிக்கு வெளியே போகும் ஒரு வாகனம், அதன் சாவி யாரிடம் என்று பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழில் விளக்க ஒருவர், தமிழில் ஒரு சம்மதப் படிவம். தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கும் வேலையை அரசாங்கம் எந்த ஆண்டுக்குள் முடிக்கும் என்ற திகதி. இவற்றில் நாடாவுக்கு எவ்வளவு செலவு என்று கம்பனியின் கணக்காளரிடம் கேட்க நாங்கள் ஆவலாக இருக்கிறோம்.

அதுவரைக்கும், வீட்டில் கவனியுங்கள். தலை வேகமாகப் பெருப்பது, உச்சிக்குழி புடைப்பது, கண் கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, முதுகின் நடுவில் பிறவியிலேயே கட்டி, குழி அல்லது மயிர்க்கொத்து: எதைக் கண்டாலும் டிஸ்பென்சரியில் "சரியாப் போகும்" என்ற சொல்லோடு திரும்ப வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கேளுங்கள். துண்டு கிடைக்காவிட்டாலும் போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு இல்லை என்று பிள்ளையைத் திருப்ப முடியாது. ஷண்ட் வைத்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தூக்கம் வந்தால் குழாய் அடைபட்டிருக்கலாம், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கிளினிக் அட்டையைப் பிள்ளையின் உடுப்புப் பையிலேயே வைத்திருங்கள்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவிலும் இப்படி நோயுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள், பெற்றோருக்குப் போன வருசம் எத்தனை பேர் போயிற்று, வாகனம் கேட்டு மறுத்த நாள் எது என்று, பெற்றோரின் சம்மதத்தோடு எழுதி எடுங்கள். செக்ரோல் துண்டுகளையும் வார்ட் துண்டுகளையும் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மாத முடிவுக்குள் கிளைக் காரியாலயத்தில் கொடுத்தால், பிரதிநிதிகள் அதை எடுத்துக்கொண்டு கம்பனியிடமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் போவார்கள்.